மாதிரிக் குரல்கள்

காலை ஆறு பத்துக்குக் காளீஸ்வரி சிவசைலநாதனை நிறுத்தினாள். கையை நீட்டவில்லை. குரலை இழுக்கவில்லை. பஸ் ஸ்டாப் பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்தபடியே சொன்னாள்.

"ஏனுங் சார், இன்னிக்கு டீ உங்க முறைங்."

அப்படி ஒரு முறை இருப்பது அவருக்குத் தெரியாது. விசாரித்தார். திங்கட்கிழமை கர்னல், செவ்வாய் பல் டாக்டரம்மா, புதன் அவர் என்று அவள் விரல் மடக்கினாள். பொன்மாலை முதியோர் குடியிருப்பில் செயலாளரைக் கேட்காமல் யாரும் ஒரு பூந்தொட்டியைக்கூட நகர்த்துவதில்லை. செயலாளர் அவர்தான். அவள் கேட்டது அவரைச் சுடவில்லை. தன்னைக் கலக்காமல் ஒரு முறை போட்டிருக்கிறார்கள் என்பதுதான் சுட்டது. இருந்தாலும் டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த புதன்கிழமை அவராகவே டீக்கடைப் பக்கம் திரும்பியபோதுதான், விஷயம் கைமீறிவிட்டது என்று உணர்ந்தார்.

பொன்மாலை, கோயம்புத்தூருக்கு மேற்கே, மலை தெரிகிற தூரத்தில் இருந்தது. மலை தெரியும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். எதிரே பஸ் ஸ்டாப் தெரியும் என்று போடவில்லை. சாலையை அகலப்படுத்தியபோது ஓரத்து வீடுகளை எடுத்துவிட்டார்கள். வீட்டுக்காரர்களில் சிலர் வேறெங்கும் போகவில்லை. பஸ் ஸ்டாப்பில் ஏறிக்கொண்டார்கள். மழைக்காலத்தில் இன்னும் சிலர் வந்து சேர்ந்தார்கள். கணக்குப் பார்த்தால் அவர்கள்தான் அந்த இடத்துக்குப் பழைய குடிகள். பொன்மாலையில் அந்தக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை.

பொதுக்குழு கூடியது. குறைகள் வரிசையாக வந்தன. ஒருவருடைய பேத்தி கனடாவிலிருந்து வந்தவள், அவங்க ஏன் வீட்டுக்குப் போகலை தாத்தா என்று கேட்டுவிட்டாள். அதோடு விடுமுறையின் ருசி போயிற்று. பல் டாக்டரம்மா, கேட்டைத் தாண்டவே பயமாக இருக்கிறது என்றார். என்ன பயம், யாராவது ஏதாவது செய்தார்களா என்று கேட்டார்கள். இல்லை, கேட்டுவிடுவார்களோ என்றுதான் பயம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். தலைவர் கர்னல் தேவசகாயம், போலீஸிடம் போனதைச் சொன்னார். வந்த சப்-இன்ஸ்பெக்டர் பஸ் ஸ்டாப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வயசானவங்க சார், டீ வாங்கிக் குடுங்க என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சுவர் எழுப்பலாம் என்றால் அது நெடுஞ்சாலை நிலம்.

கடைசி வரிசையில் சிவசைலநாதனின் மனைவி உலகம்மை கையைத் தூக்கினாள். கிளப் ஹவுஸுக்குப் பின்னால் ரெண்டு ரூம் சும்மாதானே கிடக்கு என்றாள். 'ஓர் உறுப்பினர் கருத்துத் தெரிவித்தார்' என்று சிவசைலநாதன் நடவடிக்கைக் குறிப்பில் எழுதினார். பிறகு எழுந்து தன் யோசனையைச் சொன்னார்.

அவர் குடிநீர்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க வண்டல் வடித்தவர். ஆறு கலங்கலாக வந்தால் ஆற்றைத் திருத்த முடியாது, வடிகட்டத்தான் முடியும் என்று ஆரம்பித்தார். அவர்களை நகர்த்த முடியவில்லை. சரி. அவர்கள் குரலை நகர்த்தலாமே.

அந்த வருஷங்களில் அறுபது தாண்டியவர்களில் காது மெஷின் போடாதவர் அபூர்வம். இளமையெல்லாம் காதுக்குள் பாட்டை அடைத்துக்கொண்டு திரிந்த தலைமுறை அது. பொன்மாலையில் எல்லோருக்கும் ஒரே மெஷின், ஒரே அமைப்பு. பொதுக்குழு தீர்மானித்தால் எல்லார் காதிலும் ஒரே நேரத்தில் மாறும். தெருநாய்க் குரைப்பை அப்படித்தான் போன வருஷம் எடுத்தார்கள். நாய்கள் இப்போதும் குரைத்தன. வாயைத் திறந்து மூடுவது மட்டும் தெரியும்.

குடியிருப்பின் காது கிளினிக்கைப் பார்த்துக்கொண்டவள் பெனிட்டா. முப்பது வயது. கிழவர்களோடு பேசிப் பேசி ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வைக்கப் பழகியிருந்தாள். முடியுமா என்று கேட்டதற்கு முடியும் என்றாள்.

"மெஷின் சத்தத்தப் பெருசு பண்ற பெட்டி இல்ல சார். அது முதல்ல கேக்குது, புரிஞ்சுக்குது. அப்புறம்தான் உங்களுக்குச் சொல்லுது. இதைச் சொல்லாதேன்னு கத்துக் குடுத்தா, சொல்லாது."

"அப்ப கத்துக் குடுத்துரு."

"நாய் நாய் மாதிரிதான் குரைக்கும் சார். மனுஷங்க எப்படிப் பிச்சை கேப்பாங்கன்னு அதுக்குத் தெரியணுமே. மாதிரிக் குரல் வேணும். நிறைய வேணும்."

குரலைப் பதிவு செய்யக் குரலுக்குரியவர் சம்மதம் வேண்டும் என்று சட்டம். சிவசைலநாதன் பஸ் ஸ்டாப்புக்குப் போனார். ஒரு ஆராய்ச்சிக்காக என்றார். அங்கே இருந்தவர்கள் காளீஸ்வரியைப் பார்த்தார்கள். காளீஸ்வரி அவரைப் பார்த்தாள்.

"நானு பிச்சை கேக்கறதில்லீங்களே. டீ தானுங் கேக்கறேன். பிச்சை எப்படிக் கேக்கறதுன்னு தெரியோணும்னா நீங்களே கேட்டுப் பாருங்."

அவள் கிண்டலாகச் சொன்னது. அவர் அதைக் கர்னலிடம் புகாராகச் சொன்னார். கர்னல் அதை யோசனையாக எடுத்துக்கொண்டார். பொன்மாலைக்கு ஒரு நாடக மன்றம் இருந்தது. இரண்டு வருஷமாக மேடையில்லாமல் தவித்துக்கொண்டிருந்தது.

நூலக அறையில் மைக் வைத்தார்கள். குரல் மட்டும்தான் வேண்டும் என்று சொல்லியும் சிலர் கிழிந்த சால்வையோடு வந்தார்கள். ஓய்வு பெற்ற கல்லூரி முதல்வர் ஒருவர் முடியைக் கலைத்துக்கொண்டார். அம்மா, தாயே, ஐயா, தர்மதுரை. பெனிட்டாவின் கணினித் திரை எதையும் ஏற்கவில்லை. நடிப்பு என்று கண்டுபிடித்துவிட்டது. கல்லூரி முதல்வருக்கு அது பெரிய அவமானமாகப் போயிற்று.

வழி கண்டுபிடித்தவர் சிவசைலநாதன்தான். அதைப் பிற்பாடு அவரால் யார் தலையிலும் கட்ட முடியவில்லை.

"பிச்சைக்காரன நினைக்காதீங்க. வீட்ல ஏதாவது வேணும்னா எப்படிக் கேப்பீங்க? மகன்கிட்ட, மருமககிட்ட. அப்படிக் கேளுங்க."

அதன் பிறகு திரை ஒவ்வொன்றாக ஏற்றுக்கொள்ள ஆரம்பித்தது. முதல்வர், வருகிற தீபாவளிக்காவது வந்துவிட்டுப் போ என்று மைக்கைக் கேட்டார். முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நன்றாக வந்ததா என்றார். ஒரு வங்கி மேலாளர், டாக்டர் சொன்னதை என்னிடம் மறைக்காமல் சொல் என்று கேட்டார். வரிசை நூலகத்துக்கு வெளியே நீண்டது. இரண்டாம் முறை வந்தவர்களும் உண்டு. பிச்சைக்காரர்களை ஒழிப்பதில் இவ்வளவு ஆர்வமா என்று சிவசைலநாதனே வியந்தார்.

உலகம்மையை அவர்தான் இழுத்துக்கொண்டு வந்தார். செயலாளர் வீட்டிலிருந்து ஒரு குரல் இல்லாவிட்டால் நன்றாக இருக்காது. எனக்கு வராது என்றாள்.

"வீட்ல எங்கிட்ட ஒண்ணுமே கேட்டதில்லியா? அந்த மாதிரி கேளு."

அவள் மைக்கின் பக்கம் குனிந்தாள்.

"என்னங்க… அந்த நியூஸ நிப்பாட்டிட்டு, ஒரு நிமிஷம் இங்க பாருங்களேன்."

போதும் என்றாள் பெனிட்டா. முதல் தடவையிலேயே தேறியது அவள் ஒருத்திதான். சிவசைலநாதன் அதைக் கர்னலிடம் பெருமையாகச் சொன்னார்.

அமைப்பை எல்லார் காதிலும் ஏற்றுவதற்கு முன்னால் பெனிட்டா அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். இது அவங்க குரல் இல்ல சார், உங்க குரல் என்றாள். பிச்சை என்றால் எல்லாருக்கும் ஒன்றுதானே அம்மா என்றார் அவர். அவள் மேற்கொண்டு பேசவில்லை. அவளுக்குச் சம்பளம் கொடுப்பது குடியிருப்போர் சங்கம். சங்கத்தின் செயலாளர் எதிரே நின்றார்.

மறுநாள் காலை அவர் கேட்டைத் தாண்டினார். புதன்கிழமை.

"ஏனுங் சார், டீ உங்க முறைங்."

கணீரென்று கேட்டது. ஆரம்பக் கோளாறு என்று மற்றவர்களிடம் சொல்லிவைத்தார். முழுத் தோல்வி என்றும் சொல்ல முடியாது. அங்கே மெல்லிய குரலில் கேட்கிறவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்கள் சத்தம் நின்றுவிட்டது. சில நாளில் காளீஸ்வரி எல்லாருக்கும் சேர்த்துத் தானே கேட்க ஆரம்பித்தாள். மத்தவங்க கேட்டா உங்களுக்குக் காதுல உளுகறதில்லீங், அதான் என்று காரணமும் சொன்னாள். முன்பு ஒரு டீ வாங்கியவர் இப்போது ஐந்து வாங்கினார். வடிகட்டியின் பலன் என்று இதை எங்கும் குறிப்பிடவில்லை.

பொன்மாலை மாறியது. அலுவலகத்துக்கு வந்து நின்று முறையிடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். சாப்பாட்டுக் கூடத்தில், கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உட்காருங்களேன் என்கிற பேச்சே இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் சற்று அதிகமாகப் பார்த்தார்கள், பிறகு எழுந்து போனார்கள். சிவசைலநாதன் காலாண்டு அறிக்கையில் 'அமைதி' என்று ஒரு தலைப்புச் சேர்த்தார். பக்கத்துக் குடியிருப்பு ஒன்று, உங்கள் அனுபவத்தை எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அழைத்தது. அவர் உரை தயாரிக்க உட்கார்ந்தார். உரையின் முதல் வாக்கியத்தில் ஆறு இருந்தது. இரண்டாவதில் கலங்கல்.

அவருக்கு வடிகட்டியால் ஒரு நஷ்டமும் இல்லை. அவர் யாரிடமும் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. காபி என்பார். கண்ணாடி எங்கே என்பார். அந்த மாதிரிப் பேச்சை எந்த மெஷினும் வடிக்காது.

வீட்டிலும் அமைதி. உலகம்மை முன்னளவு பேசுவதில்லை என்று தோன்றியது. சேதி சொல்வாள். பால் வந்துவிட்டது, குழாய் சொட்டுகிறது, மகள் போன் பண்ணினாள். அது காதில் விழும். பிறகு சில சமயம் உதடு மட்டும் அசையும். ஸ்லோகம் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். வயதாக ஆகப் பக்தி வருவது இயல்புதானே. அவளைப் பார்த்து 'ம்' என்பார். அந்த 'ம்' கல்யாணமான முதல் வருஷத்திலேயே அவர் கண்டுபிடித்தது. எல்லாவற்றுக்கும் பொருந்தும். கேட்டதற்கும் பொருந்தும், கேட்காததற்கும் பொருந்தும்.

ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"செண்பகத்த ஆஸ்பத்திரில சேத்துருக்கு. மூச்சு விட முடியலையாம்."

செண்பகம் அவள் தங்கை. தென்காசியில் இருந்தாள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். சொன்னாள். நல்ல ஆஸ்பத்திரிதான் என்றார். அதற்குப் பிறகு அவள் உதடு அசைந்தது. வெகுநேரம் அசைந்தது. தங்கைக்காக வேண்டிக்கொள்கிறாள் என்று புரிந்தது. பிரார்த்தனைக்கு நடுவே சாப்பிடக்கூடாது என்று கையை நிறுத்தி, தலையைக் குனிந்து, மரியாதையாக 'ம்' என்றார்.

மறுநாள் அவர் உரை எழுதிக்கொண்டிருந்த அறை வாசலில் வந்து நின்றாள். உதடு அசைந்தது. 'ம்' என்றார். அடுத்த நாள் கிட்டே வந்து தோளைத் தொட்டாள். இரண்டு கைகளையும் சேர்த்துக் கூப்பியிருந்தாள். இவ்வளவு பக்தி உடம்புக்கு ஆகாது என்று அவருக்குத் தோன்றியது. ஆகட்டும் ஆகட்டும் என்று சொல்லி, திரும்ப உரைக்குள் போனார். மூன்றாம் பத்தியில் ஒரு நல்ல உவமை வந்து நின்றிருந்தது.

பிறகு ஒரு காலையில் அவள் பேசியது தெளிவாகக் கேட்டது.

"செண்பகம் போயிட்டா."

உடனே கிளம்பலாம் என்றார். அவள் ஏற்கெனவே சேலை மாற்றியிருந்தாள். வழி நெடுக அவள் உதடு அசையவில்லை. கார் கண்ணாடியில் அவ்வப்போது பார்த்துக்கொண்டே போனார்.

போய்ச் சேர்ந்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள். வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். ஈரத் தரையில் காலைத் தூக்கி வைத்து நடந்துபோய் இரண்டு நாற்காலி போட்டார் செண்பகத்தின் கணவர் ஆறுமுகநயினார். நல்ல மனிதர். குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை.

"மதினி வருவாவ, வருவாவன்னு வாசலையே பாத்துக்கிட்டு கெடந்தா அண்ணாச்சி. ஒங்களுக்கு என்னமோ மீட்டிங்னு மதினி போன்ல சொன்னாவ. ஒங்க சோலி ஒங்களுக்கு."

"எனக்கு ஒண்ணும் தெரியாதே. வரணும்னு இவ எங்கிட்டக் கேக்கவே இல்லியே."

உலகம்மை அப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெனமும் கேட்டேன். தெனமும் 'ம்'முன்னு சொன்னிய."

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அவர் வாய் திறந்து மூடியது. திறந்தபோது ஒன்றும் வரவில்லை என்பதால் மெஷினைக் குறை சொல்ல வழியில்லை.

ஒரு நாள் உடுப்போடு வந்தவர்கள் என்பதால் அன்று ராத்திரியே கிளம்பி மறுநாள் காலையில் திரும்பினார்கள். பதினாறாம் நாளுக்கு மறுபடி வருவதாகப் பேச்சு. வந்ததும் வராததுமாகக் கிளினிக்குக்குப் போனார். கோபமாகத்தான் போனார். யார் மீது என்று வாசல் வரைக்கும் முடிவாகவில்லை.

பெனிட்டா அவரை உட்காரவைத்துக் காதிலிருந்து மெஷினை எடுத்தாள். எழுதிக் காட்டினால் படிக்கட்டும் என்று திரையைத் திருப்பினாள். பிறகு மனம் மாறி, மெஷினைத் திரும்ப மாட்டிவிட்டே பேசினாள்.

"அதுக்குப் பிச்சைக்காரங்க யாருன்னு தெரியாது சார். கெஞ்சறது எதுன்னு தெரியும். நீங்கள்லாம்தான் சொல்லிக் குடுத்தீங்க. காளீஸ்வரி கெஞ்சறதே இல்ல. அதனால அவங்க குரல் வந்துருது."

"என் பொண்டாட்டி குரல்?"

"அம்மா குரலை வச்சு அது நிறையக் கத்துக்கிச்சு சார்."

எடுத்துவிடு என்றார். சங்கத் தீர்மானம் என்று தயங்கினாள். அந்தத் தீர்மானத்தை எழுதினவனே சொல்கிறேன் என்றார். ஒரு பொத்தான்தான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

கிளினிக்கிலிருந்து வீட்டுக்குச் சிறிய தூரம். அன்று அது சிறியதாக இல்லை. மரத்தடி பெஞ்சில் கர்னல் தேவசகாயம் போனில் பேசிக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸுக்கு வேண்டாம், உனக்கு எப்ப தோதோ அப்ப வா, ரெண்டு நாள் போதும், ஒரு நாள்கூடப் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். படை நடத்தினவர். பல் டாக்டரம்மா மாடிப்படியில் நின்று, யாராவது இந்தப் பையைக் கொஞ்சம் மேலே கொண்டுவந்து தருகிறீர்களா என்று போகிற வருகிறவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்து அழகாகச் சிரித்துவிட்டுப் போனார்கள். சிவசைலநாதன் பையைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தார். அந்த அம்மாள் அவரைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஜன்னல்களிலிருந்து குரல் வந்தது. ஒருத்தர் தூங்குவதற்கு முன்னால் ஒரு மாத்திரை கேட்டார். ஒருத்தி, என்னிடம் ஏன் பேச மாட்டேன் என்கிறாய் என்று கேட்டாள். அவள் புருஷன் பேசிக்கொண்டுதான் இருந்தான், கிரிக்கெட்டைப் பற்றி. இத்தனை பேர் இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். தன் அறிக்கையில் எந்தத் தலைப்பில் இதைச் சேர்ப்பது என்று ஒரு கணம் யோசித்தார். வழக்கத்தில் வந்த யோசனை. நடுவழியில் நின்று தன்னைத்தானே ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டார்.

உலகம்மை கட்டிலில் சேலைகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். நடந்தது இது என்று சொன்னார். மெஷின் உன் குரலை எடுத்துவிட்டது, நான் வேண்டுமென்று செய்யவில்லை என்றார். அது பாதிப் பொய் என்று சொல்லும்போதே தெரிந்தது. மெஷின் இல்லாத காலத்திலும் அவர் 'ம்' என்றவர்தான். அதையும் சொன்னார். எழுபத்திரண்டு வயதில் முதல்முறையாக ஒரு மனுஷியிடம் கெஞ்சினார். பழக்கமில்லாததால் சரியாக வரவில்லை. நடுவில் குடிநீர்த் துறை வந்தது.

அவள் நிமிரவில்லை. சேலையின் முனைகளைப் பொருத்தி மடித்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவள் காதில் இருப்பதும் பொன்மாலை மெஷின். வடிகட்டி அவள் காதிலும் ஓடுகிறது. தான் கெஞ்சுவது அவளுக்குப் போய்ச் சேரவே இல்லை. வெறுமனே வாயசைக்கிறார். மனசிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது. அவள் பதில் சொல்லாமலிருப்பதற்கு ஒரு பொறியியல் காரணம் கிடைத்துவிட்டது. மதியம் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தபோதும் தொடர்ந்து கெஞ்சினார். கேட்காது என்று தெரிந்ததால் தைரியமாக இருந்தது. சொல்லத் துணியாததையெல்லாம் சொன்னார். செண்பகத்தின் கல்யாணத்துக்கே அவர் ஆடிட் என்று சாக்குச் சொல்லிப் போகாததைச் சொன்னார். உன் வீட்டு மனுஷர்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது, அதனால்தான் தட்டிக்கழித்தேன் என்றார். எல்லாம் சொல்லி ஓய்ந்தபின், வராந்தாவுக்கு வந்து பெனிட்டாவுக்குப் போன் செய்தார்.

"அம்மா மெஷின்லயும் அதை எடுத்துரும்மா. இப்பவே வாரோம்."

"அம்மாவுக்கு எடுத்து ரொம்ப நாளாச்சு சார்."

"என்ன சொல்லுத?"

"போட்ட மறுநாளே வந்துட்டாங்க. பஸ் ஸ்டாப்ல ஒரு பெரியவர் வாயசைக்கிறார், என்ன கேக்கறார்னு தெரியல, எனக்கு இது வேணாம்னாங்க."

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே."



"செயலாளர் சம்மதம் வேணும்னேன் சார். கேட்டேன், 'ம்'னு சொன்னாருன்னாங்க."

போனை வைத்தார். அப்படியென்றால் காலையிலிருந்து சொன்னது அத்தனையும். ஆடிட் உட்பட.

உள்ளே போனபோது கட்டில் காலியாக இருந்தது. சேலைகள் இல்லை. சமையலறையில் அவருடைய சாப்பாடு தட்டுப் போட்டு மூடியிருந்தது. அவள் ஒருநாளும் தனியாக வெளியூர் போனதில்லை. முழங்கால் வலி வேறு. போவாள் என்று அவர் நினைத்ததே இல்லை. கேட்பாள் என்று மட்டும்தான் நினைத்திருந்தார்.

கேட்டுக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் அவள் உட்கார்ந்திருந்தாள். காளீஸ்வரி தன் மூட்டைகளைக் காலடிக்குத் தள்ளி அவளுக்குப் பெஞ்சில் இடம் விட்டிருந்தாள். மறுபக்கம் ஒரு கிழவர். மெல்லிய குரலில் ஏதோ கேட்டார். தினமும் அந்த வழியாக நடந்த சிவசைலநாதன் அந்தக் குரலை அன்றுதான் முதலில் காதுகொடுத்துக் கேட்டார். உலகம்மை பையைத் திறந்து கிழவரிடம் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்தாள். உரிக்க முடியவில்லை என்று கிழவர் முனகியதும் வாங்கி உரித்துக் கொடுத்தாள்.

அவர் எதிரே போய் நின்றார். பெஞ்சில் வேறு இடம் இல்லை. உலகு என்று ஆரம்பித்தார். மாலை நடைக்குக் கிளம்பிய பொன்மாலைவாசிகள் பின்னால் போய்க்கொண்டிருந்தார்கள். கர்னல் நின்று, கைகூப்பியபடி வாயை அசைத்துக்கொண்டு நிற்கும் செயலாளரைக் கவனித்தார். ஒரு சத்தமும் இல்லை. கண்ணியமாகக் கையசைத்துவிட்டு நடையைத் தொடர்ந்தார்.

அங்கே அவர் பேசுவது கேட்கிறவர்கள் மூன்று பேர். மூவரும் பெஞ்சில் இருந்தார்கள். சிவசைலநாதன் மன்னிப்பில் ஆரம்பித்து, மெஷினுக்குப் போய், அங்கிருந்து கல்யாணமான புதிதில் ஒரு கோபத்துக்குப் போய், திரும்ப வழி தெரியாமல் நின்றார். உலகம்மை சாலையின் வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காளீஸ்வரி கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"ரொம்ப நீட்டறீங் சார். என்ன வேணுமோ அத மட்டும் கேளுங்."

வளைவில் பஸ் திரும்பியது. உலகம்மை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி எழுந்தாள். அவர் கை தானாக நீண்டது. பையை வாங்குவதற்கா, எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. நீட்டியபடியே இருந்தது.

"உலகு, நானும் வரட்டுமா?"